படியேறும் நாற்காலி

அஞ்சலை பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள். முதுகில், அவள் வேலை செய்யும் வீட்டின் பெரியம்மா சாரதாம்பாள். அந்த அம்மாளின் விளங்காமல் போன கால்கள் இரண்டும் அஞ்சலையின் இடுப்புக்கு இருபுறமும் தொங்கின. அஞ்சலைக்கு ஆறாம் மாதம். கீழே நாற்காலியின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த தேவதாஸ், மனைவி மாடி போய்ச் சேரும்வரை ஸ்பேனரைத் திருப்பவில்லை.

காஜா பெராங் வட்டாரத்தில் அந்த வீட்டுக்கு மட்டும்தான் சீமையிலிருந்து அப்படியொரு நாற்காலி வந்திருந்தது. படிக்கட்டோரம் பதித்த தண்டவாளத்தில் ஏறி இறங்கும். அதை ஓட்டிய இரண்டு பேட்டரிகளும் கவனிப்பாரில்லாமல் வறண்டு செத்துப்போயின. புதியது வர ஆறு வாரமாகும். சுதந்திர நாளுக்கோ ஐந்தே நாள். அன்று வீட்டில் பெரிய விருந்து.

“பேட்டரி இல்லாம ஓட்ட முடியுமா?” என்று கேட்டார் சாரதாம்பாளின் மகன் ராஜரத்தினம்.

“வீட்டுக் கரண்டுலயே ஓட்டிப் பாக்கலாம் முதலாளி. நேரா குடுத்தா எரிஞ்சிடும். அழுத்தத்தக் கொறச்சு, கரண்ட ஒரே பக்கமா ஓடவிடணும்.”

தேவதாஸ் பஸ் கம்பெனிப் பட்டறையில் வயர்மேன். மறுநாள் பட்டறை மேஸ்திரி அப்துல் ஹமீதிடம் போய் நின்றான். மூலையில் கிடந்த, கரண்டை அப்படி மாற்றித் தரும் இரண்டு பழைய பேட்டரி சார்ஜர்களை ஹமீது காலால் தள்ளிவிட்டார். “தூக்கிட்டுப் போ லா. குப்பைக்குப் போறதுதான்.”

அன்று மாலை இணைத்துப் பார்த்தபோது நாற்காலி ஒரு சாண் நகர்ந்து உறுமி நின்றுவிட்டது. சார்ஜருக்குள் சுற்றியிருந்த கம்பி மெல்லியது. மோட்டார் கேட்ட பலத்தைக் கொடுக்க முடியாமல் கொதித்தது. தேவதாஸுக்குச் சோர்வுக்குப் பதில் வெறி பிடித்தது. அதைப் பிரித்துத் தடித்த கம்பியை வைத்துச் சுற்றுச் சுற்றாகச் சுற்றினான். சோற்றுத் தட்டின் முன்னாலும் விரல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

“ஏங்க, கை வலிக்கலையா?” என்றாள் அஞ்சலை.

“இது ஓடிட்டா ஒன் முதுகுக்கு லீவு புள்ள!”

சுதந்திர நாளுக்கு முந்தின நாள் மாலை வீடே படிக்கட்டடியில் கூடியது. முதலில் தேவதாஸ் அரிசி மூட்டையை ஏற்றி அனுப்பினான். முனகாமல் ஏறியது! குழந்தைகள் கத்தினார்கள்.

“ஆள வச்சுப் பாக்கணும்,” என்றார் ராஜரத்தினம். “அஞ்சலை, நீ உக்காரு.”

அவள் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தாள். விசையை அழுத்தினான். நாற்காலி கிளம்பியது. பாதி வழியில் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. “ஐயோ, ஏங்க! காலே நோவல!” அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று தேவதாஸ் நினைத்தான்.

இறங்கியதும் இருக்கையை முந்தானையால் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கூடத்தில் இருந்த சாரதாம்பாளை அதில் உட்கார வைத்தார்கள். அவர் கைகூப்பியபடி மாடி போய்ச் சேர்ந்தபோது கைதட்டல் அடங்கவில்லை. ராஜரத்தினம் தேவதாஸின் தோளைத் தட்டினார்.

மேலிருந்து சாரதாம்பாளின் குரல் வந்தது. “அஞ்சலை! குளிக்க வெந்நீர் கொண்டா. இனி ஒனக்குக் கை சும்மாதானே, கீழ இருக்கிற பீரோத் துணியையும் ஏத்திடு.”

தேவதாஸ் தயங்கிச் சொன்னான். “முதலாளி, வாளிய நாற்காலியிலயே வச்சு அனுப்பிரலாமே?”

“தண்ணி சிந்தினா மெத்தை கெட்டுடும்பா. புள்ளைங்க காத்திருக்கு பாரு, விசைய அழுத்து.”

பேத்திகள் இருவர், கீழே திரும்பி வந்த நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்து, நாளைக்கு ஆட்ட வைத்திருந்த காகிதக் கொடிகளை ஆட்டினார்கள். தேவதாஸ் விசையை அழுத்தினான். நாற்காலி விர்ரென்று ஏறியது. நடுப்படியில் அஞ்சலை, ஆவி பறக்கும் இரண்டு வாளிகளோடு, அதற்கு வழிவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.