எட்டு மணி நேரத் தூக்கம்

…எட்டு என்று எழுதியிருக்கிறான், அச்சடித்த மாதிரி, தூங்கிய நேரம் என்ற கட்டத்தில் எட்டு, ஆறுக்குக் கீழே எழுதினால் அன்றைக்குப் பேருந்து கிடையாது என்பதால் பணிமனையில் எல்லாரும் எட்டுதான், இவளும் படிவத்தை வாங்கி, முத்திரை குத்தி, கம்பி ஜன்னல் வழியாகச் சாவியைக் கொடுத்துவிடுவாள், கணவன் என்பதற்காக அவனை ஒருநாளும் வேறு மாதிரி நடத்தியதில்லை… ஆனால் இந்த எட்டு யாருடையது? குழந்தைக்குக் காய்ச்சல், நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன் என்று தோளில் போட்டுக்கொண்டு விடிய விடியக் கூடத்தில் நடந்தவன் அவன், கதவைச் சாத்திக்கொண்டு கட்டை மாதிரிக் கிடந்தவள் இவள், இவள் தூங்கிய தூக்கத்தை அவன் தன் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கிறான், காலையில் பல் தேய்க்கும்போதே கண் சொருகி நெற்றி கண்ணாடியில் முட்டியது, அதைப் பார்த்து எப்படிச் சிரிப்பு வந்தது இவளுக்கு…

"என்னம்மா, சாவி குடுக்க மனசு வரலையா?" என்றார் வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற நடத்துநர். "வீட்டுச் சண்டையை வீட்டோட வெச்சுக்கக் கூடாதா?" வரிசை சிரித்தது. அவனும் சிரித்தான், கண்ணை மூடிச் சிரித்தவனின் இமை ஒரு நொடி தாமதமாகத்தான் திறந்தது, அந்த ஒரு நொடியில் பேருந்து எவ்வளவு தூரம் போகும், பள்ளிக்கூட வாசல், மேம்பால வளைவு, உள்ளே ஐம்பது பேர்… "இன்னைக்கு நீங்க வண்டி எடுக்க வேணாம். ஓய்வறையில போய்ப் படுங்க." அவன் முகம் சுண்டிப்போயிற்று. "எல்லார் முன்னாடியுமா?" என்றான் மெல்ல, "என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?" தெரியும், தெரிந்ததால்தான்… திரும்பிப் பார்க்காமல் போனான், இனி இரண்டு நாளைக்கு வீட்டில் பேச்சு இருக்காது, இல்லாவிட்டால் போகட்டும், கோபித்துக்கொள்ள ஆள் இருந்தால் போதும்.

மாற்று ஓட்டுநர் வந்தார், இருப்பவர் அவர் ஒருவர்தான், படிவத்தை நிரப்பியே கொண்டுவந்திருந்தார், எட்டு, முத்திரைக்குக் கை தானாகப் போயிற்று, மூன்று வருடமாக இப்படித்தானே போயிருக்கிறது, ஒரு வீட்டின் ராத்திரிதான் இவளுக்குத் தெரியும், மற்ற வீடுகளில் யார் யாரைத் தூங்க வைத்தார்களோ, எத்தனை எட்டுக்கு இந்தக் கை குத்தியிருக்கும்… "அண்ணே, நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?"

"அட, இதெல்லாமா கேப்பாங்க?" என்று சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் மெல்ல நின்றது, விரல்களை மடக்கிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார், நிஜமாகவே யோசித்தார்… அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இவள் யோசித்திருக்கவே இல்லை.