முதல் வரிசைச் சிரிப்பு

சிரிப்பதற்கென்று தனியாக டிக்கெட் போட்டு விற்கிறார்கள் என்பது செக்கருக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. பாட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது, கூடப் பேச இன்னொரு ஆளும் கிடையாது. ஒருத்தன் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக் கதையை இங்கிலீஷில் அவிழ்த்துவிடுவானாம். அதைக் கேட்டு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்குமாம். வேறொரு நாளாக இருந்தால், "வேலைவெட்டி இல்லாதவனுங்க" என்று ஒரே வார்த்தையில் ஆளைத் தீர்த்துக்கட்டியிருப்பார். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. செத்துப்போன அவர் மகன், சனிக்கிழமை தவறாமல் போய்ச் சிரித்த இடம் அது.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போன பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். கண்கொத்திப் பாம்பு என்று டிரைவர்கள் சொல்வார்கள். டிக்கெட் எடுக்காதவன் எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் படியேறும்போதே மூஞ்சியைப் பார்த்துப் பிடித்துவிடுவார். அதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இப்போது மொழி தெரியாத நாட்டில், மகனின் உடலை வாங்க வந்து, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். போன வாரம், பட்டப்பகலில், ஆபீஸுக்கு எதிரே சாலையைக் கடக்க இறங்கியவன் மேல் லாரி மோதிவிட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் தூக்கிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லாரிக்காரன் போலீஸிடம் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான்: "அவர் என் வண்டியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பார்த்துக்கொண்டேதான் இறங்கினார்." விபத்து என்று எழுதுவதா, வேறு மாதிரி எழுதுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. உடலைத் திங்கட்கிழமைதான் கொடுப்பார்கள். அதுவரைக்கும் சனியும் ஞாயிறும் அந்த ஊரில் எந்த ஆபீஸும் திறக்காது.

செக்கரின் மனைவிக்குப் பிரஷர் எகிறி, டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் வீட்டில் தங்கையோடு இருக்கிறாள். இதுவரை ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. போன் போட்டால் ஒரே கேள்விதான்.

"தெரிஞ்சு போனானாங்க, தெரியாம போனானா? அத மட்டும் விசாரிச்சுட்டு வாங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

யாரிடம் போய் விசாரிப்பது? மகனோடு ஒரே அறையில் இருந்த பையன்தான் செக்கருக்கு இப்போது கண், காது, நாக்கு எல்லாம். நல்ல பிள்ளை. சிநேகிதனின் அப்பாவை எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி "அப்பா, அப்பா" என்றுதான் கூப்பிட்டான். அவன் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் செக்கருக்கு உள்ளே என்னவோ அறுந்து விழுந்தது. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவனிடம் கேட்டார். "தம்பி, நீ கூடவே இருந்தவன். அவன் மனசுல ஏதாவது..."

"சீச்சீ, என்னப்பா நீங்க! அவனாவது அப்படிப் பண்றதாவது!" என்று பையன் படபடத்தான். "வாராவாரம் காமெடி ஷோவுக்குப் போவாம்ப்பா. ஒருவாட்டி என்னையும் கூட்டிட்டுப் போனான். அவன் சிரிச்ச சிரிப்புல சுத்தி இருக்கறவங்கல்லாம் மேடையை விட்டுட்டு அவனத்தான் பாத்தாங்க. அப்படிச் சிரிக்கிறவன் தானா போய் லாரி முன்னால நிப்பானா? நீங்களே சொல்லுங்க."

கேட்டதும் செக்கருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வீட்டில் இருந்தவரை மகன் அப்படியொன்றும் சிரிக்கிற ஜாதி இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், தட்டைக் கழுவி வைப்பான், போய்ப் படுத்துவிடுவான். இங்கே வந்து சிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்றால் நல்லதுதானே. அன்றே மனைவியிடம் சொன்னார். அவள் விடவில்லை.

"அந்தப் பையன் உங்களுக்கு ஆறுதல் சொல்றான். நீங்க நேர்ல போய்ப் பாருங்க. அங்க இருக்கறவங்ககிட்டக் கேளுங்க. அப்பத்தான் நான் நம்புவேன்."

அப்படித்தான் செக்கர் தன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரிக்கப் போனார்.

இறங்கிப் போகிற இடமாக இருந்தது. மேலே மதுக்கடை, கீழே நிலவறை. கை தூக்கினால் இடிக்கிற கூரை, கறுப்புப் பெயின்ட் அடித்த செங்கல் சுவர், மடக்கு நாற்காலிகள். எதிரே ஜமுக்காளம் விரித்த அளவுக்கு ஒரு மேடை; அதில் மைக், முக்காலி, முக்காலி மேல் தண்ணீர் பாட்டில். வாசலில், கண்ணாடியைக் கயிறு கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்த ஒரு நரைத்த அம்மாள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். இடத்துக்குச் சொந்தக்காரி அவள்தான். பையன் அவளிடம் குனிந்து ஏதோ சொன்னான். அந்த அம்மாள் டிக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, செக்கரின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். தானே கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் நடுநாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பிறகு வருவதாகச் சைகை காட்டிவிட்டுப் போனாள்.

முதலில் ஏறியவன் நல்ல தொப்பைக்காரன். பையன் காதோடு காதாக மொழிபெயர்த்தான்.

"இவரு பொண்டாட்டி பூனை வளக்கறாங்களாம்ப்பா."

"சரி."

"அந்தப் பூனைக்கு இவரப் புடிக்கலையாம்."

"சரி, அப்புறம்?"

"அவ்ளோதாம்ப்பா."

செக்கர் மேடையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். இதற்கா மகன் சிரித்தான்? பொண்டாட்டியின் பூனைக்கா? அபத்தமாக இருந்தாலும் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. அந்த வாரத்தில் முதல்முறையாக வந்த சந்தோஷம் அது. பூனைக்குப் பிடிக்கவில்லை என்றதற்கே வயிறு குலுங்கச் சிரிக்கிறவன் மனசில் என்ன பாரம் இருந்துவிடப்போகிறது? கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி காரணமில்லாமல் சிரித்திருக்கிறான். போனையோ கீனையோ பார்த்துக்கொண்டு, யோசனையில்லாமல் சாலையில் இறங்கியிருக்கிறான். லாரிக்காரன் தப்பித்துக்கொள்ள எதையாவது சொல்லத்தானே செய்வான். இதை வீட்டில் எந்த வார்த்தையில் சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் கூட்டம் சிரிக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கனைப்பு, அவ்வளவுதான். தொப்பைக்காரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனான்.

இடைவேளையில் அந்த நரைத்த அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். செக்கரின் முகத்தைப் பார்த்து மெதுவாக, நிறையப் பேசினாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடையைக் காட்டினாள், செக்கர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினாள், கூட்டத்தைக் காட்டினாள். பேசப் பேசப் பையன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சொல்றாங்க, தம்பி?"

"ரொம்ப நல்ல பையன்னு சொல்றாங்கப்பா."

"இவ்வளவு நேரம் பேசினதுக்கு இவ்வளவுதானா?"

"ஆமாப்பா... எல்லாருக்கும் அவன ரொம்பப் புடிக்குமாம்."

செக்கர் அவனையே பார்த்தார். "தம்பி, என் வயசுக்கு நான் எத்தனை மூஞ்சியப் பாத்திருப்பேன். மறைக்காத. முழுசாச் சொல்லு."

பையன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கே இப்பத்தாம்ப்பா தெரியும். சத்தியமா. கூட்டத்துல யாராவது ஒருத்தர் மொதல்ல சிரிச்சாத்தான் மத்தவங்க சிரிப்பாங்களாம். அதுக்குன்னு ஒரு ஆள முன்னாடி உக்கார வைப்பாங்களாம். சாப்பாடு குடுத்து, கையிலயும் கொஞ்சம் குடுப்பாங்களாம். அது அவனோட வேலையாம்ப்பா. எங்க எப்ப சிரிக்கணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லயாம், அவ்வளவு நல்லாச் செய்வானாம். அவன் இல்லாம ஷோ எடுபடவே மாட்டேங்குதாம். அவன மாதிரி இன்னொரு ஆள் கெடைக்கலைன்னு... அதச் சொல்லித்தாம்ப்பா அழறாங்க."

செக்கருக்குச் சற்று முன் வந்த சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது. ஒரு கூலிக்காரனின் கூலி வேலையை நிஜச் சிரிப்பென்று நம்பி, பிள்ளை சந்தோஷமாக இருந்தான் என்று பொண்டாட்டிக்குச் சொல்ல வார்த்தை தேடியிருக்கிறார்.

"ஒண்ணே ஒண்ணு கேளு," என்றார். "ஏதாவது ஒரு நாளாச்சும் அவன் நெசமாச் சிரிச்சானா? வேலைக்குச் சிரிச்சது எது, தானா வந்தது எதுன்னு அவங்களுக்குத் தெரியும்ல?"

பையன் கேட்டான். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, பெற்றவர் மனம் குளிரட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, பெருமையாகத் தலையாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"யாராலயும் வித்தியாசம் கண்டுபுடிக்க முடியாதாம்ப்பா. அதனாலதான் அவன் அவ்வளவு கெட்டிக்காரனாம்."

விளக்கு மறுபடி அணைந்தது. எழுந்து போய்விடலாம் என்று செக்கர் நினைத்தார். அதற்குள் மேடைக்கு ஒரு இளந்தாரி வந்துவிட்டான். தொழிலுக்குப் புதுசு போலிருக்கிறது, மைக்கைக் கழற்றவே இரண்டு தரம் இழுத்தான். ஏதோ சொன்னான். சத்தமில்லை. இன்னொன்று சொன்னான். பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம்தான் கேட்டது. அவன் சட்டை அக்குளில் நனைந்திருந்தது. ஆளைப் பார்த்தால் மகன் வயசுதான். தண்ணீர் பாட்டிலை எடுத்தான், குடிக்காமலே வைத்தான். முதல் வரிசை நடுநாற்காலியை ஒரு தரம் பார்த்தான். வந்த சில வாரத்திலேயே அவனும் அந்த இடத்தைப் பார்த்துப் பழகிவிட்டான் போலும். அங்கே ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

செக்கருக்கு அது பொறுக்கவில்லை. அடுத்து அவன் வாயை மூடியதும் சிரித்தார்.

முதலில் வந்தது சிரிப்பே இல்லை, தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். பையன் பதறிப்போய், "அப்பா?" என்றான். செக்கர் மறுபடி சிரித்தார். இந்த முறை நன்றாக வந்தது. வயிற்றிலிருந்து, வாய் நிறைய, தோள் குலுங்க வந்தது. பின்னால் ஒரு பெண் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். இளந்தாரி நிமிர்ந்து நின்று அடுத்ததைச் சொன்னான். செக்கர் சரியாக அவன் மூச்சு விடுகிற இடத்தில் சிரித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த நிலவறை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை என்பதுதான் அவரை உலுக்கியது. மகன் மார்ச்சுவரியில் கிடக்கிறான். அப்பன் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறான். அங்கே அவ்வளவு துக்கம், இங்கே இவ்வளவு சிரிப்பு. இரண்டும் ஒரே உடம்பில் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றோடொன்று முட்டாமல் இருந்தன. சிரிக்கச் சிரிக்க துக்கம் ஒரு துளி குறையவும் இல்லை, வெளியே ஒரு துளி தெரியவும் இல்லை. எத்தனை சனிக்கிழமை இப்படி உட்கார்ந்திருந்தானோ. ஒருவேளை நிஜமாகவே சிரித்தும் இருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியாது. இளந்தாரி இறங்கும்போது செக்கரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சிரித்துவிட்டுப் போனான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி. செக்கர் மாடிப்படியில் ஏறிப் பாதியில் நின்றுகொண்டார். கீழே இன்னும் சிரிப்பு ஓயவில்லை.

"போனீங்களா? கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க? மறைக்காதீங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வீட்டில், சாப்பிடாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். செக்கர் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"அவன மாதிரி சிரிக்க இங்க ஆளே இல்லயாம். எடத்துக்குச் சொந்தக்கார அம்மா சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாங்க. ஒருத்தன் பூனைக் கதை சொன்னான் பாரு, பொண்டாட்டி பூனைக்கு அவனக் கண்டா ஆகாதாம், அதுக்கெல்லாம் உன் புள்ள..." என்று ஆரம்பித்து, நடுவில் சிரித்தார். கீழே சிரித்த அதே சிரிப்பு. தோள் குலுங்க, வாய் நிறைய.

அந்தப் பக்கத்திலிருந்து பெரிய விம்மல் ஒன்று வந்தது. அவள் அழுதாள். நன்றாக, நீளமாக, பெற்றவள் அழ வேண்டிய அழுகையை அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்:

"நீங்களே சிரிக்கிறீங்கன்னா நெசமாத்தான் இருக்கும். தெரியாமத்தாங்க போயிருக்கான் எம்புள்ள. நான் போய் ஒரு வாய் சாப்பிடறேன்."

"சாப்பிடு," என்றார் செக்கர்.