யானை வீட்டில் கழுதை

வெர்ன் ஹால்வர்சன் பரம்பரை யானைக் கட்சி, அதாவது அமெரிக்காவின் குடியரசுக் கட்சி. விஸ்கான்சினில் அவருடைய ஹார்டுவேர் கடைக்கு ஆணி வாங்க வந்தவன்கூட அவரிடம் அரசியல் கேட்காமல் தப்பியதில்லை. அவர் மகள் ப்ரெட்டா சாப்பாட்டு மேசையில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அப்பா, க்ளாஸ்ல சட்டசபை நடத்துறோம். சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. நான் கழுதைக் கட்சி. குறைந்தபட்சக் கூலியை ஏத்தணும்னு பேசணும்."

"டீச்சர்கிட்ட மாத்தித் தரச் சொல்லு."

"மாட்டாங்க. எதிராளி மனசு புரியணும்னுதான் இந்த ஏற்பாடே. என்னை எதிர்த்து யானைக் கட்சிக்காகப் பேசுறது கேசி குபியாக்."

வெர்ன் கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டு ஸ்டான் குபியாக்கின் மகன்! சீஸ் ஆலைத் தொழிற்சங்கத்து ஸ்டான், ஜனநாயகக் கட்சியான அந்தக் கழுதைக் கட்சிக்காக உயிரையே விடுவான். பனி உறைந்த ஏரியில் மீன் பிடிக்க இருவரும் சேர்ந்து ஒரு மரக் குடில் கட்டியிருந்தார்கள். போன தேர்தலில், புல்வெளியில் நட்ட கட்சிப் பலகைகளை வைத்து வந்த சண்டையில் பேச்சு நின்றது. குடில் ஸ்டானின் கொட்டகையில் முடங்கிவிட்டது. தனியாக மீன் பிடிக்க வெர்னுக்குப் பிடிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

ஆனால் குபியாக் வீட்டாரிடம் தன் மகள் தோற்பதா? கட்சியாவது கத்தரிக்காயாவது என்று அவரே பேச்சு எழுத உட்கார்ந்தார். ப்ரெட்டா படித்துவிட்டுச் சிரித்தாள்.

"'சோம்பேறிகளுக்கும் கருணை காட்டுவோம்'னா யாருப்பா ஓட்டுப் போடுவா?"

வேறு வழியில்லை. மறுநாள் காலை, வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த ஸ்டானிடம் போய் நின்றார்.

"யோவ் ஸ்டான், கூலியை ஏத்தணும்னு ஏன்யா சொல்றீங்க? சண்டைக்கு வரல. பொண்ணுக்காகக் கேக்குறேன்."

"நல்லவேளை வந்த. என் பையன் 'முதலாளிகள் பாவம்'னு எழுதிட்டு முழிக்கிறான். எனக்கும் அதுக்கு மேல வரல."

ஸ்டான் தன் மைத்துனியைப் பற்றிச் சொன்னான். இரண்டு வேலை பார்த்தும் வாடகை கட்ட முடியாமல் அவள் காரில் தூங்கிய கதை வெர்னுக்குத் தெரியாது. கூலி ஏறினால் கடையில் வேலை பார்க்கும் கிளாடிஸ் கிழவியைத்தான் முதலில் அனுப்ப வேண்டியிருக்கும் என்றார் வெர்ன். ஸ்டான் பனி வாரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

சட்டசபை நாளில் பெற்றோர்களும் வந்திருந்தார்கள். ப்ரெட்டா கொஞ்சம் தடுமாறியதும் கடைசி வரிசையிலிருந்து வெர்ன் எழுந்து கத்தினார்.

"வாடகையைச் சொல்லும்மா! காரைச் சொல்லு!"

"சின்னக் கடைக்காரன் கதி என்னன்னு கேளுடா!" என்று பதிலுக்கு ஸ்டான்.

ஊரே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். கூலியைப் படிப்படியாக ஏற்றுவது, சின்னக் கடைகளுக்குக் கூடுதல் அவகாசம் தருவது என்று முடிவாகி, மசோதா ஏகமனதாக நிறைவேறியது.

அப்பாக்கள் இருவரும் நேரே தோர்ப் டீச்சரிடம் போனார்கள்.

"என் பொண்ணு பாதியில விட்டுக்கொடுத்துட்டா!"

"என் பையனும்தான்! என்ன டீச்சர் சொல்லிக் கொடுக்குறீங்க?"

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே புகாரா?" என்றாள் டீச்சர்.

இருவரும் வெளியே வந்தார்கள்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சண்டை போடவே தெரியல," என்றான் ஸ்டான்.

"அதைச் சொல்லு." வெர்ன் காலால் பனியைக் கிளறினார். "அந்தக் குடில் எப்படி இருக்கு?"

"ஒரு பக்கம் எலி கடிச்சிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"நீ உட்கார்ற பக்கம்தான்."

"உன் கட்சி எலியா இருக்கும். நாளைக்குக் காலைல பலகையோட வர்றேன், அடைச்சிடலாம்."

"என்ன பலகை?" என்று ஸ்டான் சந்தேகமாகப் பார்த்தான்.

"தேர்தல் பலகைதான். வீட்டுல சும்மாதானே கிடக்கு," என்றார் வெர்ன்.