சாம்பிள் கால்

மூங்கில் முக்காலியில் ஏறிய வேகத்திலேயே செங்யே இறங்கிவிட்டான். தலையில் மாட்டிய மூங்கில் தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

“முடியாது சித்தப்பா. செத்தவருக்குப் போடுற துணிய நான் மொதல்ல போட்டுக்கணுமா? உடம்பெல்லாம் கூசுது.”

“மூத்த மகன் போட்டுக் கழட்டித்தான்டா அப்பனுக்குப் போடணும். வானம் தலையில படாம தொப்பி, மண்ணு கால்ல படாம முக்காலி. நம்ம ஜின்ஜியாங் ஊர்ல எந்த வீட்டுலடா இத விட்டாங்க? கொஞ்ச நேரம் நில்லு.”

பலகையில் கிடந்த அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பீலியன் நிமிரவே இல்லை. “கம்பெனிய வாங்கிக்கிறப்ப கூசலையாம்,” என்றாள்.

“அக்கா, இப்பவுமா?” என்றான் செங்யே.

அப்பா ஷி குவோடோங் சமையல்கட்டில் உட்கார்ந்து விளையாட்டு ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டத் தொடங்கியவர். இன்று நாடு முழுக்கக் கடைகள், ஓட்டப்பந்தய வீரர்களின் படம் போட்ட இருபது மாடிக் கட்டடம். மலர் வளையங்கள் வாசலிலிருந்து தெருமுனை வரை நின்றன. எப்பேர்ப்பட்ட உழைப்பாளி என்று வந்தவர்களெல்லாம் உருகினார்கள். உருகட்டும். அவர்கள் காலையா அவருடைய ஷூ கடித்தது?

பீலியனின் கால்தான் கம்பெனியின் சாம்பிள் கால். புது ஷூ எது தைத்தாலும் முதலில் அதில் மாட்டிப் பார்ப்பார்கள். எட்டு வயதில் சிறுமிகள் ஷூவுக்கு; வளர்ந்தபின் பெண்கள் ஷூவுக்கு. நடக்கச் சொல்லிவிட்டு அப்பா தரையில் குனிந்து, “எங்க கடிக்குது?” என்று கேட்பார். வாழ்நாளில் அவர் அவளிடம் அக்கறையாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். சுண்டுவிரல் என்றால் சுண்டுவிரல் பக்கம் தளர்த்தி ஊருக்கு விற்பார். கடித்த ஜோடி பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போக அவளுக்கு. வலிக்குது அப்பா என்றால், “பழகிடும்,” என்பார்.

பின்னாளில் தொழிற்சாலை முழுவதையும் அவள்தான் நடத்தினாள். போன புத்தாண்டு விருந்தில் மேடையேறிய அப்பா, ஷாங்காயில் காப்பிக்கடை வைத்து நொடித்துப்போன செங்யேயைத் தலைவராக அறிவித்தார். கீழே இறங்கி வந்தவரின் கையைப் பிடித்து, “அப்ப நான் யாருப்பா?” என்று கேட்டாள். அவளுடைய கோப்பையில் மதுவை ஊற்றிவிட்டு அவர் சொன்னதும் அதே வார்த்தைதான்.

சித்தப்பா வெளியே எட்டிப் பார்த்தார். முற்றம் நிறைய ஏஜெண்டுகள், தொழிற்சாலை ஆட்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுப் பீலியனின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“உடம்பு விறைச்சுக்கிட்டே வருதும்மா. நீயே ஏறிடு. யாரும் பாக்கப்போறதில்ல. தம்பி ஏறினான்னு வெளிய சொல்லிக்கலாம்.”

பீலியனுக்குச் சிரிப்பு வந்தது. வேலை அவளுக்கு, பேர் அவனுக்கு. அப்பா செத்தும் கம்பெனி நன்றாகத்தான் நடக்கிறது.

“ஏறுறேன். கதவத் திறங்க.”

“பொம்பளைய ஏத்தினேன்னு ஊரே காறித் துப்பும்!”

“அப்ப நீங்க ஏறுங்க.”

“நான் அவருக்குத் தம்பிடி, மகனில்ல! நான் எப்படி ஏறுறது?”

அவள் எழுந்து போய்த் தாழை நீக்கி இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தையல் பிரிவு மேஸ்திரியம்மாள் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். பீலியன் திரும்பி வந்து, தம்பி தலையிலிருந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு முக்காலியில் ஏறிக் கைகளை விரித்தாள். செங்யே தடுக்கவில்லை. அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்கத்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஏழு அடுக்குத் துணி. சித்தப்பா ஒவ்வொன்றாக அவளுக்கு மாட்டிவிட்டார். ஏழையும் சேர்த்து ஒரே இழுப்பில் உருவிக் கொண்டுபோய் அப்பாவுக்குப் போட்டார்கள்.

மிச்சம் காலணி. அதை மகள்தான் வாங்கிவந்து போட வேண்டும். பீலியன் பையிலிருந்து கறுப்புத் துணிக் காலணிகளை எடுத்தாள். அப்பாவின் பாதங்கள் கடைசி இரண்டு மாதமாக வீங்கியிருந்தன. தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள். இருந்தும் கடைக்காரன் கேட்டபோது பழைய அளவைத்தான் சொன்னாள். வேண்டுமென்றேதான் சொன்னாள்.

பாதி பாதம்கூட உள்ளே போகவில்லை.

“சின்னதா இருக்கே பீலியன்? உனக்கா அளவு தெரியாது?”

“தெரியும் சித்தப்பா.”

“அவருக்கு வலிக்கும்மா.” சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

“பழகிடும்,” என்றாள்.

குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரலை விட்டு, முழங்காலை ஊன்றி அழுத்தினாள். கால் உள்ளே போயிற்று. விரல்கள் துணிக்கும் குதிகாலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டன; காலணி இப்போது அவற்றைக் கடித்தது. முற்றத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவற்றை உடனே உருவிக்கொள்ளவில்லை.