தங்கனீக்காவின் வெள்ளிக்கிழமை

1.

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, ‘கிழக்கு ஆபிரிக்கச் சுங்க ஒன்றியத்தின் வரலாறு என்றாயே, இதென்ன மீன் வாடை?’ என்று என்னோடு சண்டைக்கு வரக்கூடாது.

எரிச்சல் என்னுடையதுதான். ஆனால் ‘நான்’ என்று எழுதினால் எதிர்வீட்டு அக்கா முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே அஞ்சலீனா என்று ஒருத்தியை வைத்துக்கொள்வோம். ஊர் மட்டக்களப்பு, சமயம் கத்தோலிக்கம். பகலில் ஆஸ்பத்திரி வேலை, மாலையில் பல்கலைக்கழகத்தில் வரலாற்று வகுப்பு. புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரே மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் இவளும் கணவன் கஜீவனும். மற்றதில் கஜீவனின் தமையனும் அவருடைய மனைவி சிவநேசம் அக்காவும். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். இரண்டு கதவுகளும் விடிந்தால் பொழுதுபட்டால் திறந்தே கிடக்கும்.

2.

முதல் தொடக்கம்: ‘1917இல் கென்யாவும் உகண்டாவும் தமக்கிடையே இருந்த சுங்கத் தடைகளை நீக்கி…’

கொட்டாவி விடாதீர்கள். எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கதை கேட்ட உருத்திரமூர்த்தி அண்ணையும் இந்த இடத்தில்தான் விட்டார்.

“சுங்க ஒன்றியமோ? பிள்ளை, வாசிக்கிற சனம் பாவமெல்லே. ஒரு குடும்பக் கதை எழுதித் தாருமன்.”

இது குடும்பக் கதைதான் ஐயா!

இரண்டாம் தொடக்கம்: ‘கென்யா மூத்தவள். உகண்டா வாய் திறவாதவள். ஜேர்மன்காரனிடமிருந்து பிரித்தானியனுக்குக் கைமாறிய தங்கனீக்கா, கடைசியாக வந்து சேர்ந்த மருமகள்.’ தங்களுக்குள் சுங்கத் தீர்வை கிடையாது. வெளியிலிருந்து வருகிற சாமானுக்கு மூன்று வீட்டிலும் ஒரே தீர்வை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தீர்வை யாருக்காக? கென்யாவில் கோதுமை விதைத்த வெள்ளைக்காரத் தோட்டக்காரருக்காக. வெளி மாவுக்கு வரி ஏற ஏற, தங்கனீக்காக்காரன் கென்ய மாவைக் கூடுதல் விலைக்கு வாங்கித் தின்றான்.*

(* பேராசிரியர் இதன் ஓரத்தில் ‘மிகவும் எளிமைப்படுத்தல்’ என்று எழுதினார். எழுதட்டும். அவர் ஓரகத்தியோடு ஒரே மாடியில் குடியிருந்தவரல்ல.)

3.

அஞ்சலீனாவின் கோதுமை, மீன்.

வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டிலும் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, இல்லை. யாரும் வாய்விட்டுச் சொன்ன சட்டமில்லை. (அதுதான் பெரிய எரிச்சல். சட்டமென்றால் எதிர்த்து நிற்கலாம்.) அவளுக்கு ஓய்வு கிடைப்பதோ வெள்ளியில்தான். ஆற அமர ஒரு மீன் பொரிக்கலாமென்றால் கதவு திறந்து கிடக்கிறது. வாடை தீர்வை கட்டிவிட்டா போகும்? சுங்கம் உள்ள இடத்தில் கள்ளக்கடத்தலும் இருக்குமல்லவா? மெற்றோ வாசலில் உள்ள டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ரின்மீன் சான்ட்விச் வாங்கி, பனிக்குளிரில் சுவரோரம் நின்று தின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்குக் கென்யாவைக் கண்ணில் காட்டக்கூடாது. (அஞ்சலீனாவுக்கு. அஞ்சலீனாவுக்குக் கண்ணில் காட்டக்கூடாது.)

இந்த நிலையில் கஜீவன் சற்றுத் தள்ளி, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு வீடு பார்த்துவிட்டான். பெரிய குசினி, பூட்டி வைக்கக்கூடிய கதவு. இந்த மாதம் முடிவதற்குள் இப்போதைய வீட்டுச் சொந்தக்காரருக்கு வீட்டை விடுவதாக அறிவிக்க வேண்டும். அதற்கு முன் அக்காவுக்குச் சொல்ல வேண்டும்.

“நீயே கதை. எனக்கு ஏலாது,” என்று கஜீவன் கழன்றுகொண்டான்.

அவளுக்கும் வாய் வரவில்லை. அக்கா நல்லவர், அதுதான் தொல்லை. இவள் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சியோடு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். அக்காவை விட்டுப் போக ஆசை. அக்காவை இழந்துவிடப் பயம். ஆகவே சொல்ல முடியாததை அந்த மூன்று நாடுகளின் கதையாக எழுதி, அக்காவின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். வாசித்தால் தானாக விளங்கிவிடும் என்ற நினைப்பு.

4.

வாசித்துவிட்டு அக்கா கண்கள் கலங்க…

இல்லை. அக்கா அப்படி அழுகிற ஆளில்லை.

அக்கா தாள்களைச் சுக்குநூறாக…

அதுவும் இல்லை. நாடகமாகப் போகிறது. வெட்டுங்கள்.

5.

நடந்தது இது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா தாள்களோடு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“இந்தத் தங்கனீக்காவுக்கு வாயில்லையோ? மற்றவைக்காகத் தன்ர வாயைக் கட்டிக்கொண்டு கிடக்குது. வாசிக்க வாசிக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.”

அஞ்சலீனா மெல்லக் கேட்டாள்: “அது ஆரெண்டு விளங்கினதோ அக்கா?”

“ஏன் விளங்காது? நான்தானே. என்னைப் பாத்துத்தானே எழுதினனீர்?”

“நீங்களோ!”

“பின்னை? நீர் வந்த புதிசில ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சி காய்ச்சினன். ‘இண்டைக்கு இறைச்சி சாப்பிடமாட்டன் அக்கா’ எண்டு சொன்னனீர். அண்டைக்கு விட்டதுதான். உங்கட சமயத்துக்கு மரியாதை குடுக்க வேணுமெல்லே. வெள்ளி வந்தால் என்ர மனுசன் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியிறார்.”

“அக்கா, அது தவக்காலம்! ஈஸ்டருக்கு முந்தின கொஞ்சக் கிழமை மட்டும்தான். அதிலயும் மீன் சாப்பிடலாம்!”

“மீன் சாப்பிடலாமோ?”

“நான் நினைச்சன், உங்கட சைவத்துக்காக எண்டு.”

“என்ர சைவம்! நல்லாய் இருக்கு. நான் எந்த நாளில வெள்ளி பாத்தனான்?”

பார்த்தீர்களா? கென்யாவையே காணவில்லை! பத்து வருடத்துக்கு மேலாக இரண்டு தங்கனீக்காக்கள் இல்லாத தோட்டக்காரருக்குத் தீர்வை கட்டியிருக்கின்றன. நான் இழைத்து இழைத்துச் செய்த ஒப்புமை குப்புற விழுந்தது. இனி இந்தக் கதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

6.

அக்கா விறுவிறென்று போய்த் தன் வீட்டிலிருந்து விளைமீன் துண்டுகளைக் கொண்டுவந்து, இவளுடைய அடுப்பிலேயே தாச்சியை வைத்தார்.

இப்போதுதான் அஞ்சலீனாவுக்கு அழுகை வந்தது. போவதற்கு இருந்த காரணம் போய்விட்டது. போகிற ஆசை போகவில்லை. கோபத்தோடு போவது சுலபம். ஒருவரிலும் குற்றமில்லை, எனக்கென்று ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான் என்பதை எப்படிச் சொல்வது?

“பேந்து உந்த நாடுகளுக்கு என்ன நடந்தது?” மீனைப் புரட்டியபடி அக்கா கேட்டார். “மூண்டு பேரும் கடைசிவரை ஒண்டாய் இருந்தவையோ?”

“இல்லை அக்கா. பிரிஞ்சிட்டினம்.”

“பிரிஞ்ச பிறகு கதைச்சவையோ?”

பதில் எனக்குத் தெரியும். பிரிந்த கையோடு, தன்சானியா என்று பெயர் மாறியிருந்த தங்கனீக்கா கென்ய எல்லையை மூடியது. திறக்க வருடக்கணக்காயிற்று. அதற்கும் வெகுகாலம் கழித்து மறுபடி கூடி, புதிதாக ஒரு சுங்க ஒன்றியமும் கட்டினார்கள். இரண்டும் உண்மை. எந்த உண்மையோடு வாயை மூடுவது என்பதுதான் தெரியவில்லை.

அக்கா அகப்பையோடு திரும்பிப் பார்க்கிறார். “அக்கா, நாங்கள்…” என்று அஞ்சலீனா தொடங்கிவிட்டாள்.

மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். பதமாகச் சொல்லுங்கள். அவர் என் அக்கா.