கல்மேட்டுப் பங்கு

பெரியவர் இந்தத் தடவை பிழைக்க மாட்டார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. முக்கியமாகப் பெரியவருக்கே இல்லை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஆள் அனுப்பிப் பத்திர எழுத்தரை வரவழைத்தார். எங்கோ நீராவி வண்டி ஓடுகிறதாம் என்று பேச்சு மட்டும் வந்து, வண்டி வந்து சேராத காலம் அது. எழுத்தருக்குச் சொந்த வண்டி கிடையாது. யார் வண்டி கிடைக்கிறதோ அதில் தொற்றிக்கொண்டு, மைப்பெட்டியை மடியில் வைத்தபடி வந்து இறங்குவார்.

உயிலை எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் கதையே இல்லை. பெரியவருக்கு அந்தப் பொறுமை ஏது? "நான் போனப்புறம் நீங்க அடிச்சுக்குவீங்க. இப்பவே கேட்டுக்குங்க" என்று எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்து, எழுத்தரை உரக்கப் படிக்கச் சொன்னார்.

கிழக்கு வயல்கள், கிணறு, காளைகள், வண்டி எல்லாம் மூத்த மகனுக்கு. மேற்குத் தோப்பும் ஆடுகளும் பெரியவர் படுத்திருந்த கட்டிலும் இளையவனுக்கு. வீடு இருவருக்கும் பாதிப் பாதி. கடைசியாக எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காலஞ்சென்ற நடு மகனின் மனைவிக்கு வடக்கே உள்ள கல்மேடும், அதில் உள்ள கல், மண், முள் யாவும்" என்று படித்தார்.

அந்த நடு மருமகள் சமையலறைக் கதவை ஒட்டி நின்றிருந்தாள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. பிறந்த வீட்டில் கதவைத் திறந்துவிட ஆளில்லை. அன்றுவரை அவள் அந்த வீட்டில் இருந்ததெல்லாம் யாரும் போகச் சொல்லவில்லை என்ற உரிமையில்தான். கல்மேடு என்ற யோசனை புருஷனின் அண்ணனான மூத்தாருடையது என்பது அவளுக்குத் தெரியும். "அவளுக்கும் ஒண்ணு குடுத்தோம்னு இருக்கணும்ல" என்று அவர் சொன்னது காதில் விழுந்திருந்தது. ஆடுகூட மேயாத இடம் அது. ஆனாலும் அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இனி நடந்த கூத்தைக் கேளுங்கள். உயில் என்றால் எழுதியவர் கண்ணை மூடிய பிறகுதான் செல்லும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. படித்துக் காட்டியாயிற்று, முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். மூத்தாருக்கு ஊரில் 'அளவுக்கயிறு' என்று பெயர். எங்கே போனாலும் இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு இருக்கும். அவர் அன்று சாயங்காலமே கூடத்தின் நடுவே தொடங்கிச் சமையலறை வரை சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார். இருக்கிற வீடோ கையகலம். உழக்கிலே கிழக்கு மேற்கு பார்த்த கதைதான். அடுப்பு அவர் பக்கம், புகைபோக்கி தம்பி பக்கம். இளையவன் பெண்டாட்டி, மாமனார் படுத்திருக்கும்போதே கட்டிலைச் சாண் போட்டு அளந்தாள். இளையவன் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் நடந்து பார்த்தான். சரியாக இருந்ததால் கழற்றவில்லை.

நடு மருமகள் மட்டும் என்ன, விதிவிலக்கா? மறுநாள் விடிந்ததும் புருஷனின் பழைய கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கல்மேட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

முதல் கல் அசையவே இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது கல்லைப் புரட்டியபோது, அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அதை எடுத்து மோந்து பார்த்தாள். நல்ல மண். இத்தனை காலமும் இந்த மேட்டைக் கல்லென்றே எல்லோரும் பேசியிருக்கிறார்கள், அடியில் பார்த்தவர் யாருமில்லை. அதற்குப் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கை காய்த்து, காய்ப்பு உரிந்து, மறுபடி காய்த்தது. ஊர்க்காரர்கள் 'கல்லுக்காரி' என்று பெயர் வைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தோண்டிய கல்லை ஓரத்தில் குவித்தாள். குவியல் ஏற ஏற மூத்தாருக்கு அதன்மேல் கண். புதுக் களஞ்சியம் கட்ட வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை, அடித்தளத்துக்குக் கல் கிடைக்காமல் நின்றிருந்தது. "சும்மாதானே கிடக்கு" என்று வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனார். அவளும் இடம் காலியாகிறதே என்று தூக்கிவிட்டாள். ஆனால் அதே மனுஷர்தான் தன் பங்குக்கு வேலி போட்டபோது கிணற்றுக்குப் போகும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டார். அவள் தண்ணீருக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கல்லுக்குத் திறந்த வழி தண்ணீருக்கு இல்லை!  பங்கு கிடைத்ததே பெரிது என்றிருந்தாள்.

இதற்கிடையில் பெரியவர் ஒரு காரியம் செய்தார். பிழைத்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். மறுநாள் இரண்டு தரம் கேட்டார். அதற்கு மறுநாள் கட்டிலை விட்டு இறங்கி, "என் செருப்பு எங்கடா?" என்றார். இளையவன் தன் காலைப் பார்த்தான். பெரியவரும் அவன் காலைப் பார்த்தார். கூடத்துக் கோட்டைப் பார்த்தார். கோட்டின்மேல் நாற்காலியைப் போட்டு, ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கமாக உட்கார்ந்துகொண்டார். யானை படுத்தாலும் குதிரை மட்டம். அவரிடம் யார் என்ன கேட்பது? அவரவர் பங்கை அவரவர் பார்த்துக்கொள்ள, நாள் ஓடியது.

மழை பெய்தது. கல்மேட்டில், புரட்ட முடியாத ஒரே ஒரு பெரிய பாறையைத் தவிர, கல் என்று ஒன்றுமில்லை. அவள் விதைத்த பயறு இரண்டு இலை விட்டு வரிசையாக நின்றது. தினமும் காலையில் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள். வேலை இல்லாவிட்டாலும் போவாள். தனக்கென்று ஒன்று முளைத்து அவள் பார்த்ததில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி, அப்போதுதான் மூத்தார் சந்தையில் பத்திர எழுத்தரைப் பார்த்தார். ஏதோ பேச்சுவாக்கில் எழுத்தர் சொல்லிவிட்டார்: "உங்கப்பாதான் நல்லா இருக்காரே! அவர் இருக்கிற வரைக்கும் அந்த உயில் வெறும் காகிதம். நினைச்சா நாளைக்கே மாத்திடலாம்."

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மூத்தார் ஆரம்பித்தார்.

"அப்பா, அந்த உயில்ல ஒரு சின்ன மாத்தம் பண்ணணும். நீங்க இருக்கிற வரைக்கும் அது வெறும் காகிதம்தானாம், எழுத்தரே சொன்னாரு. கல்மேடு இப்ப என் வயலோட சேர்ந்த மாதிரி இருக்கு. பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு எதுக்கு நிலம்? நாளைக்கு அவளுக்கு அப்புறம் யார் கைக்குப் போகுமோ! நான் அதை எடுத்துக்கிட்டு, அவளை என் பங்கு வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறேன். சமையலுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவளுக்கு நினைவு வந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி கையில் அப்படியே நின்றது. பாத்துக்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? காலம் பூராவும் அவர் வீட்டு அடுப்பை ஊத வேண்டும் என்று அர்த்தம்.

"அது கல்லாக் கிடந்தப்ப உனக்கு வேணாம்னுதானே சொன்னே?" என்றார் பெரியவர்.

"அப்ப கல்லு இருந்துச்சு. இப்ப இல்லையே."

"எங்கடா போச்சு அந்தக் கல்லெல்லாம்?"

மூத்தார் சோற்றைப் பிசைந்தார். அவள்தான் சொன்னாள். அந்த வீட்டுக்கு வந்த நாளாக ஆண்கள் சாப்பிடும்போது அவள் குரல் எழுப்பியதில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். 

"மாமா, உயில் வெறும் காகிதம்னா எனக்குச் சம்மதம். பெரிய அத்தான் சொல்றது நியாயம். நிலம் எப்படி இருந்துச்சோ அப்படியே அவங்களுக்குக் குடுத்துடறேன். ஆனா அதே உயில்ல கல்லும் எனக்குத்தான்னு இருந்துச்சு. அது செல்லாதுன்னா அந்தக் கல்லை நான் குடுத்ததும் செல்லாது. அத்தான் கல்லையெல்லாம் கொண்டுவந்து அந்தந்தக் குழியில போடட்டும். போட்ட அன்னிக்கு நான் நிலத்தை விட்டுடறேன்."

 களஞ்சியம் அந்தக் கல்லின்மேல்தான் நிற்கிறது, அதற்குள்தான் வருஷத்துத் தானியம் முழுக்க இருக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். திடீரென்று பெரியவர் சிரித்தார். இருமல் வரச் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். இளையவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"சரியான பேச்சு. நாளைக்குக் காலையில முதல் வண்டி கல்லு அந்த மேட்டுல இறங்கினா, நிலம் உனக்குடா. இறங்கலைன்னா அவளுக்கு இப்பவே தானமா எழுதிக் குடுத்துடுவேன். தானம் குடுத்தா நானே நினைச்சாலும் மாத்த முடியாது."

மூத்தார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். சற்று நேரத்தில் களஞ்சியத்துப் பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டது. ணங், ணங் என்று இரண்டு தரம். அப்புறம் ஒன்றுமில்லை. நடு மருமகள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மூத்தார் வீம்புக்காரர். வீம்புக்காகக் களஞ்சியத்தையே இடித்தாலும் இடிப்பார். அப்படிச் செய்துவிட்டால் தன் வாயால் சொன்ன சொல்லுக்குத் தானே கட்டுப்பட வேண்டுமே! ஏன் வாயைக் கொடுத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

விடிந்ததும் அவள் கல்மேட்டில் இருந்தாள். பெரியவரும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து பாறைமேல் உட்கார்ந்தார். பயிர் பனியில் நனைந்து நின்றது. கடைசியாக ஒரு தரம் பார்ப்பது போல அவள் வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டது. வெறும் வண்டியின் கடகடப்பு அல்ல. பாரம் ஏற்றிய வண்டி அச்சு முனகிக்கொண்டு மெதுவாக வரும் சத்தம்.  இடித்துவிட்டார். முடிந்தது.

"கொண்டு வந்துட்டாங்க மாமா" என்றாள்.

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை. நேற்று விளையாட்டாகப் பேசிவிட்டோமோ என்ற பயம் அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

வண்டி வேலியோரம் திரும்பியது. காற்று இந்தப் பக்கம் அடித்ததும் நாற்றம் முதலில் வந்தது. வண்டி நிறைய எரு. மக்கிய, கறுத்த, ஆவி பறக்கும் சாணி எரு. அதன் உச்சியில், ஒரு சாக்கை விரித்துப் போட்டு, ஒரு கையில் மைப்பெட்டியும் மறு கையால் பிடித்த மூக்குமாகப் பத்திர எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"இந்த வீட்டு வண்டியில இனி ஏறமாட்டேன்" என்பதுதான் அவர் இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை.

மூத்தார் காளைகளை அவிழ்த்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். "நேத்து ஒரு கல்லைப் பெயர்க்கலாம்னு போனேன். விளக்கு வச்சுப் பாத்தா, ஒவ்வொரு கல்லுலயும் கடப்பாரை விழுந்த தழும்பு. அத்தனையும் நீ அடிச்ச அடி. களஞ்சியத்தை நானே ஒத்த ஆளாக் கட்டினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வெக்கமாப் போச்சும்மா." சற்று நிறுத்தி, "கல்லு எடுத்த மண்ணு பசிச்சுக் கிடக்கும். அதான் எரு" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அந்த மனுஷரைத் திட்டியதையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் அல்ல, பாதியை.

நகராத அந்தப் பாறையே மேஜையாயிற்று. பெரியவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். மூத்தார் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து நாலு பக்கமும் அளந்து சொன்னார். இந்தத் தடவை கயிற்றை இறுக்கிப் பிடிக்கவில்லை, ஓரங்களில் தாராளமாகவே விட்டார். பெரியவர் கையெழுத்துப் போட்டார். மூத்தார் சாட்சி போடப் பேனாவை வாங்கினார். வாங்கியவர் எழுதாமல் நின்றார்.

"என்னடா, இன்னும் என்ன?" என்றார் பெரியவர்.

"ஒண்ணு விட்டுப் போச்சு. கிணத்துக்கு வழி எழுதலையே. என் வயல் ஓரமா ஒரு வண்டி போற அகலத்துக்கு விடுறேன்னு சேர்த்துக்குங்க."

"அது இன்னும் என் வயல்டா. நான்தான் சாகலையே!"

"தெரியும்பா" என்றார் மூத்தார். "நீங்களே குடுங்க. நான் போய் வேலியைப் பிரிக்கிறேன்."