படிகாரம் சுமக்கும் கல்

கற்காட்சிக் கூடத்தில் குறிப்பு அட்டை எழுதுவது என் வேலை. எல்லா அட்டைக்கும் தலையாட்டிய இயக்குநர், ஒரே ஒரு சாம்பல் நிறக் கல்லில் மட்டும் முரண்டு பிடித்தார். அந்த வகைக் கல்லுக்கு ‘அலுமினிஃபெரஸ்’ என்று பெயர். ‘இரும்பு கலந்த அலுமினியக் கல்’ என்று அவரே எழுதிக் கொடுத்தார்.

"ஃபெரஸ்னா இரும்பும்மா. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அது வேற சொல் சார். லத்தீன்ல ‘அலுமென்’னா படிகாரம். ‘ஃபெர்ரே’ன்னா சுமக்கிறது. படிகாரம் சுமக்கும் கல். அலுமினியம்ங்கிற பேரே படிகாரத்துலேர்ந்து வந்ததுதான்."

"இந்த மொக்கைக் கல்லுல படிகாரமா? நான் சொன்னதை எழுது. இல்லேன்னா வேற ஆள் எழுதட்டும்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இந்த வேலை எனக்கு உயிர். ஆனால் கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை அரக்கு வைத்து மூடினால் பல வருஷத்துக்குத் திறக்கமாட்டார்கள். அத்தனை வருஷமும் ஒரு பொய் என் கையெழுத்தில் உட்கார்ந்திருக்க நான் விடுவேனா?

என் வீட்டுக்காரர் ஓட்டுத் தொழிற்சாலையில் சூளை பார்ப்பவர். அதே கல்லில் மிச்சமிருந்த சில்லுகளை அவரிடம் கொடுத்தேன்.

"கல்லை வறுத்துத் தரச் சொல்ற பொண்டாட்டி ஊர்லயே நீ ஒருத்திதான்" என்றார். முணுமுணுத்தாலும் பதமாக வறுத்துக்கொண்டு வந்தார்.

வறுத்ததைப் பொடித்து, வாரக்கணக்கில் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருந்தேன். பிறகு வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, சுண்டக் காய்ச்சி, சமையலறை ஜன்னலோரம் ஆறவைத்தேன். கிண்ணத்தின் அடியில் கண்ணாடி மாதிரி கட்டிகள் படிந்தன. நாக்கில் வைத்தேன், சுருக்கென்று துவர்த்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் அந்த நிமிஷமே விட்டுப்போயிற்று.

பெட்டிகளை மூடும் நாள் இயக்குநர் புதுச் சட்டையும் மழமழவென்ற முகமுமாக வந்தார். அவசரச் சவரம் போலிருக்கிறது, தாடையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கைக்குட்டையால் ஒற்றி ஒற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து நனைத்து நீட்டினேன். தேய்த்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றார். கசிவு நின்றது.

"நல்ல படிகாரமா இருக்கே. எந்தக் கடை?"

"உங்க இரும்புக் கல்லுலேர்ந்து எடுத்தது சார்."

அவர் கட்டியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த கல்லைப் பார்த்தார். தாடையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"சரி. உன் அட்டையையே வை."

"காலையிலேயே வெச்சிட்டேன் சார். அரக்குதான் பாக்கி."